ஓடை இடித்துத் தந்த தட்டு

அந்தத் தட்டு முதலில் மலைச்சரிவில் பாறையாகத்தான் கிடந்தது. ஜப்பானின் தெற்கே, கியூஷூ தீவில், ஒய்தா மாநிலத்து ஹிதா நகருக்கு வடக்கே மலைகள் நெருங்கி நிற்கும் பள்ளத்தாக்கு ஒன்றில் சரயாமா என்ற சிற்றூர் இருக்கிறது. சுமார் பத்துக் குடும்பங்கள் அங்கே மண்பாண்டம் செய்து பிழைக்கின்றன. அவர்கள் செய்யும் பாண்டங்களுக்கு ஒன்தா என்று பெயர். ஊரை ஒட்டிய மலையிலேயே மண் கிடைக்கிறது. வெட்டும் வேலையை எந்தக் குடும்பமும் தனியாகச் செய்வதில்லை. எல்லோரும் சேர்ந்து வெட்டி, பங்கு பிரித்து, அவரவர் முற்றத்தில் குவித்துக் காயவிடுகிறார்கள். இரும்புச் சத்து மிகுந்த அந்த மண் கட்டி கட்டியாகக் கல்போல் இருக்கும். அதை இடித்துப் பொடியாக்கினால்தான் மேற்கொண்டு எதுவும் நடக்கும்.

இடிப்பது மனிதர் இல்லை, ஓடை.

ஒரு முழுப் பைன் மரத்தின் நடுவில் அச்சுக் கோத்து, ஒரு முனையைத் தொட்டிபோல் குடைந்து, மறுமுனையில் செங்குத்தாக ஓர் உலக்கையைப் பொருத்தியிருப்பார்கள். நம் ஊர்க் கிணற்று ஏற்றத்தைப் படுக்கவைத்து, ஆளுக்குப் பதில் தண்ணீரை அதன்மேல் நடக்கவிட்டால் எப்படி இருக்குமோ, அப்படி. ஓடையிலிருந்து பிரித்த வாய்க்கால் நீர் குடைந்த முனையில் விழுகிறது. அது நிறைந்ததும் பாரம் தாங்காமல் தாழ்ந்து நீரைக் கொட்டிவிடுகிறது. மேலே எழுந்த உலக்கை தன் எடையோடு உரலுக்குள் விழுகிறது. அச்சு முனகும் ஓசை, நீர் கொட்டும் ஓசை, பிறகு ஓர் இடி. உடனே தொட்டி மறுபடி நிறையத் தொடங்கும். இதை ஜப்பானியர் கராஊசு என்கிறார்கள். ஓடைக்கரை நெடுக இவை இரண்டும் மூன்றுமாக நிற்கின்றன. பகலிலும் இரவிலும் ஓய்வில்லை. 1996-இல் ஜப்பான் அரசின் சுற்றுச்சூழல் துறை, நாட்டில் காக்கப்பட வேண்டிய நூறு ஓசைகளைத் தேர்ந்தெடுத்தபோது சரயாமாவின் இந்த ஓசையையும் பட்டியலில் சேர்த்தது.

ஓர் உரல் மண் பொடியாக இரண்டு, மூன்று வாரம் பிடிக்கும். மின்சார அரவை இயந்திரம் வைத்தால் சில மணி நேரத்தில் முடிகிற வேலை. வைக்கத் தெரியாமல் இல்லை. வைக்காமல் இருக்கிறார்கள். இந்தத் தட்டின் வாழ்க்கையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்த இடம்தான். ஓடையில் வரும் நீர் இவ்வளவுதான். அது இடித்துத் தரும் மண்ணும் இவ்வளவுதான். ஆகவே ஒரு குடும்பம் எவ்வளவு உழைத்தாலும் பக்கத்து வீட்டைவிட மிக அதிகமாக வனைந்துவிட முடியாது. கூலிக்கு ஆள் வைத்துப் பட்டறையைப் பெருக்கவும் வழியில்லை. 1970-களின் இறுதியில் இந்த ஊரில் தங்கி ஆய்வு செய்த பிரிட்டிஷ் மானிடவியலாளர் பிரையன் மோரன் இதை விரிவாக எழுதியிருக்கிறார். ஊரின் ஒற்றுமைக்கு அடியில் இருப்பது நல்ல குணம் மட்டுமல்ல. மண்ணும் நீரும் விதித்த அளவும் அதற்குக் காரணம். நல்லெண்ணத்தை மட்டும் நம்பியிருந்தால் சரயாமா எப்போதோ இரண்டு பெரிய தொழிற்சாலைகளும் எட்டுக் கூலிக் குடும்பங்களுமாக மாறியிருக்கும் என்றே நான் நினைக்கிறேன்.

ஊரின் மண்பாண்டத் தொழில் 1705-இல் தொடங்கியது. பக்கத்து மலைக்கு அப்பாலுள்ள கொய்ஷிவாரா என்ற குயவர் ஊரிலிருந்து யனாசே சன்எமொன் என்பவர் தொழிலோடு வந்தார். குரோகி ஜூபெய் முதல் போட்டார். உள்ளூர் சகாமோட்டோ குடும்பம் நிலம் கொடுத்தது. இன்றும் பட்டறை வாசல்களில் பெரும்பாலும் இந்த மூன்று குடும்பப் பெயர்களே தொங்குகின்றன. தொழில் தகப்பனிடமிருந்து ஒரே ஒரு மகனுக்குப் போகும். வெளியூர்ச் சீடர்களைச் சேர்ப்பதில்லை. இளைய மகன்கள் வேறு பிழைப்புத் தேடி மலையிறங்க வேண்டியதுதான். ஓடை விதித்த சமத்துவத்துக்கு அவர்கள் கொடுத்த விலை அது.

பொடியான மண்ணைத் தொட்டி நீரில் கரைத்து, சல்லடையில் திரும்பத் திரும்ப வடிகட்டி, அடியில் தங்கும் குழம்பை எடுத்து வெயிலில் உலர்த்துகிறார்கள். குளிர்காலத்தில் இதற்கென்றே கட்டிய அடுப்பின்மேல் பரப்பி உலர்த்துவதும் உண்டு. பாறை பதமான களிமண்ணாக மாறுவதற்குள் ஒரு மாதம் தாண்டிவிடும். முதுகொடிக்கும் இந்த வேலையின் பெரும்பகுதி காலங்காலமாகப் பெண்கள் தலையில்தான் விழுந்திருக்கிறது. சக்கரத்தில் உட்கார்வது ஆண்கள். ஒன்தாவைப் பற்றி எழுதுகிறவர்கள் சக்கரத்தைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதிவிட்டுத் தொட்டியை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். தட்டின் உடம்பு உருவானது தொட்டியில்தான்.

பட்டறைகளின் கதவு பெரும்பாலும் திறந்தே இருக்கும். பார்க்க வருகிறவர்களுக்காகச் சக்கரம் நிற்பதில்லை. காலால் உதைத்துச் சுழற்றும் சக்கரம் அது. வனைந்த தட்டுகளை நீளப் பலகைகளில் வரிசையாக அடுக்கி முற்றத்து வெயிலில் வைப்பார்கள். மழை மேகம் தெரிந்தால் குடும்பமே ஓடிவந்து பலகைகளைத் தூக்கி உள்ளே வைக்கும். சுட்டால் மண் கருமையாகிவிடுவதால், பாதி காய்ந்த தட்டின்மேல் வெள்ளை மண் குழம்பைப் பூசுகிறார்கள். ஈரம் இருக்கும்போதே சுழலும் தட்டில் தூரிகையை ஏற்றி இறக்கினால் விசிறி மடிப்புப் போன்ற பட்டைகள் விழும். இது ஹாகெமெ.

இன்னொரு முறை தொபிகன்னா. அதற்கு வளைந்து கொடுக்கும் மெல்லிய இரும்புத் தகடு ஒன்று போதும். தட்டைச் சுழலவிட்டுத் தகட்டின் நுனியை லேசாகத் தொடவைத்தால், நுனி மண்ணில் பட்டுத் துள்ளும், மறுபடி படும். பட்ட இடத்தில் வெள்ளை பெயர்ந்து கரிய மண் சின்னச் சின்னக் கோடாகத் தெரியும். நடுவிலிருந்து விளிம்புவரை நூற்றுக்கணக்கான வெட்டுகள் சில நொடிகளில் விழுந்துவிடும். அழுத்தம் கூடினால் தட்டு கிழியும், குறைந்தால் தடமே விழாது. மண் அன்றைக்கு எவ்வளவு காய்ந்திருக்கிறது என்பதைக் கை அறிந்திருக்க வேண்டும். மனத்தில் வரைந்து வைத்த கோலம் எதுவும் இதில் இல்லை. சுழற்சியும் தகடும் ஈரமும் சேர்ந்து போட்ட கோலம் அது. அதனால்தான் ஒரே கையில் பிறந்த இரண்டு தட்டுகள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை.

மெருகுக்கு மரச்சாம்பல், வைக்கோல் சாம்பல், மலையில் கிடைக்கும் கற்பொடி. பச்சை வேண்டுமென்றால் செம்பு சேர்ப்பார்கள். முதலில் ஒருமுறை சுட்டுவிட்டு மெருகு பூசும் வழக்கம் இங்கில்லை. பச்சை மண்ணின் மேலேயே மெருகு ஊற்றி ஒரே சூளையில் முடித்துவிடுகிறார்கள். சரிவில் படிப்படியாக ஏறும் எட்டு அறைச் சூளை ஒன்று ஊருக்கு நடுவே இருக்கிறது. ஐந்து குடும்பங்களுக்கு அது பொது. மற்றவர்களுக்குச் சொந்தச் சூளை உண்டு. ஹிதா பகுதி தேவதாரு மரத்துக்குப் பேர்போனது. அங்கே மரம் அறுக்கும்போது மிஞ்சும் துண்டுகள்தான் விறகு. கீழ் அறையில் பற்றவைத்த தீயை அறை அறையாக மேலே ஏற்றிக்கொண்டு போக இரண்டு நாளுக்கும் மேலாகும். இரவில் ஒருவர் மாற்றி ஒருவர் விழித்திருந்து விறகு போடுவார்கள். தட்டின் பச்சை எங்கே வழிந்து எங்கே நின்றது என்பது சூளை ஆறித் திறக்கும்வரை யாருக்கும் தெரியாது.

நெடுங்காலம் இந்தத் தட்டின் முன்னோர்கள் பக்கத்துக் கிராமங்களைத் தாண்டியதில்லை. தண்ணீர்ப் பானை, ஊறுகாய்ச் சாடி, சாராயக் குடுவை என்று விவசாயிகள் வாங்கினார்கள். குயவர்களும் வயலில் நெல் போட்டுக்கொண்டு மிச்ச நேரத்தில் வனைந்தார்கள். நாட்டார் கைவினைக்காகப் பேரியக்கம் கண்ட யனாகி சோயெட்சு 1931-இல் மலையேறி வந்து, பார்த்ததை எழுதினார். 1954-இல் ஆங்கிலேயக் குயவர் பெர்னார்ட் லீச் சில வாரங்கள் தங்கி, ஊராரோடு உட்கார்ந்து வேலை செய்தார். அதன்பிறகு நகரத்தார் தேடி வரத் தொடங்கினார்கள். பெரிய சாடிகள் குறைந்து தட்டும் கிண்ணமும் தேநீர்க் கோப்பையும் பெருகின. வயல் வேலை கைவிடப்பட்டது.

புகழ் வந்ததும் ஒரு சிக்கலும் வந்தது. யனாகி கொண்டாடியது பெயர் தெரியாத கைவினைஞனை. வியாபாரிகளும் கண்காட்சிக்காரர்களும் தேடியதோ பெயரை. இன்னார் செய்தது என்று சொன்னால் விலை ஏறும். வீட்டுக்கு வீடு வருமானம் விலகத் தொடங்கியதை மோரனும் பதிவு செய்திருக்கிறார். ஆனாலும் ஊர் ஒரு கோட்டைத் தாண்டவில்லை. தட்டைத் திருப்பிப் பார்த்தால் செய்தவர் பெயர் இருக்காது. முத்திரை இருந்தால் அதில் ஒன்தா என்று மட்டும் இருக்கும். 1995-இல் ஜப்பான் அரசு இந்தக் கைத்திறனை முக்கிய அருவப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தபோதும் பட்டம் தனி ஒருவருக்குப் போகவில்லை. குயவர்கள் சேர்ந்த பாதுகாப்புச் சங்கத்துக்குத்தான் போனது. அதிகாரபூர்வமான ஒரு பட்டம் இவ்வளவு பொருத்தமாக அமைந்ததைப் பார்க்க மனம் நிறைகிறது.

ஓடையை நம்பிய தொழில் ஓடையால் அடிபடவும் செய்யும். 2012 ஜூலையிலும் 2017 ஜூலையிலும் வடக்குக் கியூஷூவில் கொட்டிய பெருமழையில் வெள்ளம் ஊருக்குள் புகுந்து உலக்கைகளையும் வாய்க்கால்களையும் உடைத்தது. 2017-இல் மண் எடுக்கும் இடமும் சரிந்தது. மண் இல்லை, இடிக்க வழி இல்லை. இயந்திரத்துக்கு மாற இதைவிட நல்ல சாக்கு கிடைத்திருக்காது. அவர்கள் மரம் வெட்டி, குடைந்து, அச்சுக் கோத்து மறுபடியும் உலக்கைகளை நிறுத்தினார்கள்.

சூளையிலிருந்து இறங்கிய தட்டு வீட்டு முன்னறைப் பலகையிலேயே விலைக்கு வைக்கப்படும். அக்டோபரில் நடக்கும் பாண்டத் திருவிழாவில் தெருவெங்கும் அடுக்கியிருப்பார்கள். டோக்கியோ கடைகள் அதிகம் கேட்டாலும் அடுத்த சூளைவரை காத்திருக்க வேண்டும். வாங்கிய தட்டை வீட்டுக்குக் கொண்டுபோனதும் முதலில் தண்ணீரில் நன்றாக ஊறவைப்பது வழக்கம். எண்ணெயும் சோயா சாறும் சட்டென்று உள்ளே இறங்காமலிருக்க. இரண்டு வருஷம் புழங்கினால் விளிம்பில் லேசாகக் கறை ஏறும். மீன் வறுவலோ ஊறிய முள்ளங்கியோ எதை வைத்தாலும் தாங்கும்.