மருந்தறையில் இல்லாத பாடம்

மார்ஃபினை நாங்கள் முதலில் படித்தது நஞ்சாகத்தான். எண்பதுகளின் கடைசியில், தடய மருத்துவத் தேர்வில், ஊசிமுனையாகச் சுருங்கிய கண்பாவை என்று கேள்வியில் வந்தால் அபின் வகை என்று எழுதிவிட வேண்டும், மதிப்பெண் நிச்சயம். மருந்தியலில் அதற்கு ஓர் அத்தியாயமே இருந்தது. வார்டில்தான் மாத்திரை இல்லை. புற்று முற்றியவர் இரவெல்லாம் அரற்றினால் ஃபோர்ட்வின் என்ற வலி நிவாரணி ஊசி ஒன்று போடுவோம். காலையில் டிஸ்சார்ஜ் சீட்டு. "வீட்டில வச்சுப் பாத்துக்கங்க" என்று பெரிய டாக்டர் சொல்வதைப் பக்கத்தில் நின்று கேட்டதோடு சாவு பற்றிய எங்கள் படிப்பு முடிந்தது.

ஆசிரியர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. 1985இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தது. மார்ஃபின் வாங்க மாநிலத்துக்கொரு விதி, துறைக்கொரு உரிமம். ஒன்று கைக்கு வருவதற்குள் இன்னொன்று காலாவதியாகிவிடும். கூடவே பத்தாண்டுச் சிறை என்ற பயம். எதற்கு வம்பு என்று மருத்துவமனைகள் வாங்குவதையே நிறுத்தின. அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் நாட்டின் மார்ஃபின் பயன்பாடு பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சரிந்தது. இத்தனைக்கும் 1820 முதல் காஜிப்பூரில் அபின் ஆலை நடத்திவரும் தேசம் இது. விளைவித்து ஏற்றுமதி செய்தோம். நம் நோயாளிக்குத்தான் கிடைக்கவில்லை. மருந்தறையில் இல்லாததை வகுப்பில் யார் நடத்துவார்?

1986இல் மும்பையில், இறுதிக்கால நோயாளிகளைப் பராமரிக்கும் சாந்தி அவேத்னா சதன் தொடங்கியது. ஆனால் மருத்துவக் கல்லூரி வளாகத்துக்குள் இந்த வேலை வேர்பிடித்தது கோழிக்கோட்டில். 1993இல் மயக்கவியல் பேராசிரியர் எம்.ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் நண்பர்களோடு சேர்ந்து அங்கே வலி தணிப்புச் சங்கத்தை ஆரம்பித்தார்கள்.

ராஜகோபால் பல மேடைகளில் சொல்லும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. புற்றுநோய் வலியோடு அனுப்பப்பட்ட கல்லூரி ஆசிரியர் ஒருவருக்கு அவர் நரம்புத்தடை ஊசி போட்டார். வலி முழுக்கப் போய்விட்டது. இனி வரவேண்டியதில்லை என்று சொல்லி அனுப்பினார். தன் நோய்க்கு மருந்தில்லை என்பது அந்த மனிதருக்கு அப்போதுதான் உறைத்திருக்கிறது; அன்றிரவே உயிரை மாய்த்துக்கொண்டார். இறுதிக்காலச் சிகிச்சையைக் கற்பிக்க எனக்குத் தெரிந்து இதைவிடக் கனமான பாடம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஊசியில் பிழையில்லை, அளவில் பிழையில்லை. அவரிடம் யாரும் உட்கார்ந்து பேசவில்லை, அவ்வளவுதான்.

பின்னாளில் நான் கோழிக்கோட்டுக்கு ஆறு வாரப் பயிற்சிக்குப் போனேன். 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் இல்லத்தைத் திறந்த சிசிலி சாண்டர்ஸின் நெறிதான் அங்கும்: வலி வரட்டும் என்று காத்திராமல் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை வாய்வழி மார்ஃபின், படுக்கும்போது இரட்டை அளவு. கூடவே மலமிளக்கி, அதை எழுத மறந்தால் மாத்திரைச் சீட்டே திரும்பி வரும். ஆனால் எனக்கு வாத்தியாராக வாய்த்தவர் வீடு வீடாகப் போகும் ஒரு செவிலியர். நான் நின்றபடி கேள்வி கேட்கத் தொடங்கியதும், "சாரே, இரிக்கூ" என்று கட்டில் ஓரத்தைக் காட்டினார். மார்பில் புண் வெடித்த அம்மா ஒருவர் வீட்டில், மெட்ரோனிடசோல் மாத்திரையை இரண்டு கரண்டிக்கு நடுவே வைத்து நெரித்தார். உப்புநீரில் கழுவிய புண்மேல் அந்தப் பொடியைத் தூவச் சொன்னார். கிருமி அடங்க நாற்றம் அடங்கும். அடுத்த முறை போனபோது, வாசலோடு நின்றிருந்த பேரன் கட்டிலில் உட்கார்ந்து பாட்டியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தான்.

சட்டமும் பாடத்திட்டமும் மெதுவாகத்தான் வந்தன. 2008இல் கேரள அரசு வலி தணிப்புச் சிகிச்சைக்கெனக் கொள்கை வகுத்தது. 2012இல் டாடா மெமோரியலில் இந்தத் துறைக்கென எம்.டி. படிப்பு. 2014இல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தி, மாநிலத்தில் ஒரே உரிமம் போதும் என்றார்கள். 2019இல்தான் எம்.பி.பி.எஸ். புதிய பாடத்திட்டம், இறுதிக்கால வலியைத் தணிக்கும் முறையை மாணவர் 'விவரிக்க வேண்டும்' என்றது. விவரித்துவிடுவார்கள், பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். கரண்டியில் மாத்திரை நெரிக்க யார் சொல்லித்தருவது?

எங்கள் பக்கம் 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் செவிலியர்கள் படுத்த படுக்கையானவர்களின் வீடுகளுக்குப் போகிறார்கள். மாணவர்களை அவர்களோடு அனுப்பி வருகிறேன். கல்லூரியில் யாரும் தடுக்கவில்லை. வண்டிச் செலவை எந்தத் தலைப்பில் எழுதுவது என்றுதான் கணக்குப் பிரிவில் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.