ஜவ்வரிசிக் கஞ்சி சாம்பியனும் எட்டிக்கொட்டை டானிக்கும்

நண்பர்களே, கொஞ்சம் நீளமான த்ரெட். சைக்கிள் ஓட்டுறவங்க, ஜிம்முக்குப் போறவங்க, அவங்களைப் பெத்தவங்க பொறுமையாகப் படிக்கவும்.

போன ஞாயிறு நைட் டியூட்டி முடியும் நேரம். 22 வயசுத் தம்பி ஒருத்தர் நெஞ்சைப் பிடித்தபடி கேஷுவாலிட்டிக்கு வந்தார். நாடித்துடிப்பு 148. கை நடுங்குகிறது. ஈசிஜியில் வேகத்தைத் தவிர வேறு கோளாறு இல்லை, நல்லவேளை.

"காலைல என்ன சாப்பிட்ட தம்பி?"

"எதுவும் சாப்பிடல சார். 80 கிலோமீட்டர் ரைடு. பவுடர் மட்டும் ரெண்டு ஸ்கூப் தண்ணியில கலக்கிக் குடிச்சேன்."

"என்ன பவுடர்?"

"கெமிக்கல்லாம் இல்ல சார். நூறு பர்சன்ட் நேச்சுரல்."

இந்த "நேச்சுரல்" என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்கு மோரீஸ் கரின் ஞாபகம் வந்துவிட்டார்.

யார் இவர்? 1903ல் நடந்த முதல் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை ஜெயித்தவர். 1871ல் இத்தாலியின் மலைப்பகுதியில் பிறந்தவர். பிரான்ஸில் புகைபோக்கி சுத்தம் செய்து பிழைத்தவர். அந்த முதல் டூர் மொத்தம் 2428 கி.மீ. அதை வெறும் ஆறு கட்டங்களாகப் பிரித்திருந்தார்கள். ஒரு கட்டம் என்றால் 400 கி.மீ. கூட இருக்கும், ராத்திரியும் ஓட்ட வேண்டும். 60 பேர் கிளம்பி 21 பேர்தான் முடித்தார்கள். கரின் இரண்டாவது ஆளைவிட கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் முன்னால் வந்தார்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதற்குப் பத்து வருஷம் முந்தைய கதை.

1893 பிப்ரவரி, பாரிஸ். உறைய வைக்கும் குளிரில் 24 மணி நேரப் பந்தயம். பெரும்பாலானோர் பாதியில் இறங்கிவிட்டார்கள். கரின் 701 கி.மீ. ஓட்டி ஜெயித்தார். ஓட்டும்போது என்ன சாப்பிட்டார் என்று அவர் சொன்னதாக ஒரு பட்டியல் இருக்கிறது. 19 லிட்டர் சூடான சாக்லேட் பானம், 7 லிட்டர் டீ, 5 லிட்டர் ஜவ்வரிசிக் கஞ்சி, 2 கிலோ அரிசி, 8 முட்டை, 45 துண்டு இறைச்சி, கொஞ்சம் சிப்பி. ஷாம்பெயின் கலந்த காபி வேறு!

45 துண்டு இறைச்சியை நான் நம்பத் தயாரில்லை. ஜெயித்தவர் கொஞ்சம் அளந்து விடுவது சகஜம்தான். ஆனால் ஒரு டாக்டராக அந்தப் பட்டியலைப் பார்த்தால் ஆச்சரியம் வருகிறது. நம் தசையிலும் கல்லீரலிலும் சேமிப்பில் இருக்கும் மாவுச்சத்து சுமார் 400-500 கிராம்தான். வேகமாக சைக்கிள் மிதித்தால் இரண்டு, மூன்று மணி நேரத்தில் அது காலி. அப்புறம் கால் அசையாது, தலை சுற்றும். போகிற வழியிலேயே மாவுச்சத்தும் தண்ணீரும் சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இன்றைக்கு நீண்ட தூரப் பந்தயக்காரர்களுக்கு மணிக்கு 60 முதல் 90 கிராம் வரை சொல்கிறோம். இந்தப் பாடமெல்லாம் யாரும் எடுக்காத காலத்தில் அரிசி, ஜவ்வரிசி, சர்க்கரை போட்ட சாக்லேட் என்று சரியாகப் பிடித்திருக்கிறார் மனுஷன்.

அதே காலத்தில் பந்தய மைதானங்களில் இன்னொரு வகை "இயற்கை" சரக்கும் ஓடியது. கோக்கா இலையை ஊறவைத்த ஒயின். கோலாக் கொட்டை. அப்புறம் ஸ்ட்ரிக்னின்.

ஸ்ட்ரிக்னின் எதிலிருந்து கிடைக்கிறது தெரியுமா? நம்ம ஊர் எட்டிக்கொட்டையில் இருந்துதான். அன்றைய டாக்டர்களே அதைச் சின்ன அளவில் டானிக்காக எழுதிக் கொடுத்தார்கள். (எங்கள் தொழிலின் வரலாறும் அப்படியொன்றும் சுத்தமில்லை.) தண்டுவடத்தில் தசைகளை அடக்கி வைக்கும் பிரேக் ஒன்று உண்டு. ஸ்ட்ரிக்னின் அந்த பிரேக்கை அறுத்துவிடும். கொஞ்சம் போனால் உடம்பு முறுக்கேறியது போல இருக்கும். இன்னும் கொஞ்சம் போனால் வலிப்பு. 100 மில்லிகிராமே ஒரு ஆளை முடித்துவிடலாம்.

இந்த இடத்தில் வாட்ஸப் கதை ஒன்றையும் திருத்திவிடுகிறேன். ஆர்தர் லிண்டன் என்ற வேல்ஸ் நாட்டு வீரர்தான் ஊக்கமருந்தால் இறந்த முதல் சைக்கிள் வீரர் என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். 1896ல் அவர் இறந்ததற்குப் பதிவான காரணம் டைபாய்டு. அவருடைய பயிற்சியாளர் வார்பர்ட்டன் மர்ம பாட்டில்களுக்குப் பேர் போனவர், அதனால் சந்தேகம் ஒட்டிக்கொண்டது. நிரூபணம் இல்லை.

நிரூபிக்கத் தேவையே இல்லாத கதை 1924ல். பெலிசியே சகோதரர்கள் டூரிலிருந்து பாதியில் விலகி, ஒரு ரயில் நிலைய காபிக்கடையில் உட்கார்ந்திருந்தார்கள். தேடி வந்த பத்திரிகையாளர் ஆல்பேர் லோந்த்ரிடம் தங்கள் பையைத் திறந்து காட்டினார்கள். கண்ணுக்குக் கொக்கேய்ன். ஈறுக்குக் குளோரோஃபார்ம். கூடவே மாத்திரை டப்பாக்கள். அண்ணன் ஆன்றி முந்தைய வருஷம்தான் டூரை ஜெயித்தவர்!

கரின் என்ன ஆனார்? 1904லும் முதலில் வந்தார், விதிமீறலுக்காக பட்டம் பறிபோனது. பிறகு லான்ஸ் நகரில் வண்டி ரிப்பேரும் பெட்ரோல் பங்க்கும் நடத்திக்கொண்டு 85 வயசு வரை இருந்தார்.

நம்ம தம்பிக்கு மதியத்துக்குள் துடிப்பு 90க்கு வந்துவிட்டது. கரின் கதையைச் சொன்னேன். சிரித்தார்.

"அப்போ ரைடுக்கு முன்னாடி என்னதான் சார் சாப்பிடறது?"

"நாலு இட்லி, ரெண்டு வாழைப்பழம். போற வழியில கடலை மிட்டாய். பாட்டில் தண்ணியில சர்க்கரையும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டுக்கோ."

"அவ்ளோதானா?" என்றார், ஏமாந்த மாதிரி. பவுடர் 2,800 ரூபாயாம்.

செவ்வாய்க்கிழமை ஓபிக்கு வரச் சொல்லியிருக்கிறேன், அந்த டப்பாவோடு. லேபிளைப் படித்துவிட்டு இதே த்ரெட்டில் எழுதுகிறேன்.