பாடபேதமும் ஆட்டபேதமும்: ஆடு புலி ஆட்டத்தின் விதி வேறுபாடுகளும் வலுச் சமநிலையும்

ஆய்வுச் சுருக்கம்

ஆடு புலி ஆட்டம் வலுவிலும் எண்ணிக்கையிலும் ஒவ்வாத இரு தரப்புகள் மோதும் ஆட்டமாகும். ஒரே கட்டத்தில் ஆடப்படினும் இதன் விதிகள் ஊருக்கு ஊர் வேறுபடுகின்றன. இவ்வேறுபாடுகள் புலிக்கும் ஆட்டுக்கும் இடையிலான வலுச் சமநிலையை எவ்வாறு மாற்றுகின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. ஏட்டுச் சுவடிகளின் பாடபேதங்களைப் போன்றே ஆட்ட விதியின் பேதங்களும் பதிவு செய்யப்பட வேண்டிய வரலாற்றுச் சான்றுகள் என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: ஆடு புலி ஆட்டம், விதி வேறுபாடு, சமநிலை, நாட்டார் விளையாட்டு, தாமிரபரணி வட்டாரம்

முன்னுரை

பலகை ஆட்டங்களின் வரலாற்றை எழுதுவோர்க்குக் கிடைக்கும் சான்றுகள் பெரும்பாலும் ஊமைச் சான்றுகளே. நற்றிணையின் 3ஆம் பாடல், வேம்பின் நிழலில் அரங்கு வரைந்து நெல்லிக்காயை வட்டாகக் கொண்டு சிறுவர் ஆடியதைக் காட்டுகிறது. அரங்கும் காயும் அங்கே உள. வெற்றி எவ்வாறு தீர்மானிக்கப்பட்டது என்ற செய்தி இல்லை. கோயில் தளங்களில் பொறிக்கப்பட்ட ஆட்டக் கோடுகளின் நிலையும் இதுவே. சேரன்மகாதேவி, 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளில் நிகரிலிச்சோழச் சதுர்வேதிமங்கலம் என வழங்கப்பட்ட ஊர். இத்தகைய பழமையான ஊரின் கோயில் தளத்தில் ஆட்டக் கோடு ஒன்று காணப்பட்டாலும், சுவரிலுள்ள கல்வெட்டின் காலத்தை அக்கோட்டிற்கு ஏற்றிக் கூற இயலாது. தளத்தில் அமர்ந்தவர் எவரும் எக்காலத்திலும் அதைக் கீறியிருக்கலாம். காலம் உறுதிப்பட்டாலும் கோடுகளைக் கொண்டு விதியை அறிய முடியாது. விதி ஆடுவோரின் நினைவில் மட்டுமே வாழ்கிறது.

கட்டத்தின் அமைப்பு

பரவலாக ஆடப்படும் கட்டத்தில் 23 புள்ளிகள் உண்டு. உச்சிப் புள்ளி 1, மூன்று கிடைக்கோடுகளில் ஆறாறாக 18, அடிக்கோட்டில் 4. புலிகள் 3, ஆடுகள் 15. அனைத்துக் காய்களும் இறங்கிய நிலையில் எஞ்சும் வெற்றிடம் 5 மட்டுமே. புலி, தன்னை அடுத்துள்ள ஆட்டை நேர்கோட்டில் தாண்டி, அப்பாலுள்ள வெற்றுப் புள்ளியில் இறங்கி வெட்டும். ஆடு வெட்டாது, புலிகளை நகரவிடாமல் அடைப்பதே அதன் வெற்றி.

தாண்டுவதற்கு ஆட்டின் இருபுறமும் கோடு தொடர வேண்டும். ஆகவே எல்லாக் கோடுகளும் முடிவுறும் புள்ளிகளில் நிற்கும் ஆட்டை வெட்டவே இயலாது. உச்சி 1, செவ்வகத்தின் மூலைகள் 4, அடிக்கோட்டின் முனைகள் 2 என இத்தகைய காப்பிடங்கள் 7 உள்ளன. நேபாளத்தின் பாக் சால் ஆட்டத்தில் 25 புள்ளிகளும் 4 புலிகளும் 20 ஆடுகளும் உண்டு. அங்கே முழுக் காப்பிடங்கள் நான்கு மூலைகள் மட்டுமே. புலிகளின் எண்ணிக்கை மட்டுமன்றிக் கட்டத்தின் வடிவமும் சமநிலையின் உறுப்பு என்பது இவ்வொப்பீட்டால் விளங்கும்.

விதி வேறுபாடுகளும் விளைவுகளும்

முதல் வேறுபாடு புலிகள் இறங்கும் முறை பற்றியது. ஒரு வழக்கில் ஆட்டம் தொடங்குமுன்பே மூன்று புலிகளும் கட்டத்தில் அமர்த்தப்படும். மற்றொரு வழக்கில் ஆடு ஒன்று, புலி ஒன்று என மாறி மாறி இறக்கப்படும். எல்லா ஆடுகளும் இறங்கும் வரை இறங்கிய ஆடுகள் நகரக் கூடாது என்பது இரண்டிற்கும் பொதுவாயின், முதல் வழக்கில் அதற்குள் புலிக்கு 15 நகர்வுகளும் இரண்டாவதில் 12 நகர்வுகளும் கிடைக்கும். மூன்று நகர்வு வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம். ஆனால் ஆட்டின் இழப்பு மிகுதியும் நிகழ்வது, வேலி முழுமையடையாத இந்தத் தொடக்கக் கட்டத்தில்தான். 15 ஆடுகளும் இறங்கிய பின்னரே புலி நகரலாம் என விதி அமைந்தால் நிலை தலைகீழாகும். ஆடுபவர் காப்பிடங்களை நிரப்பி, எந்த ஐந்து புள்ளிகள் வெறுமையாக இருக்க வேண்டும் என்பதைப் பெரிதும் தாமே முடிவு செய்வார்.

இரண்டாவது, தொடர் வெட்டு. ஒரு முறைக்கு ஓர் ஆடே வெட்டலாம் என்றால், வெட்டுக்குப் பின் ஆட்டுத் தரப்புக்கு ஒரு முறை கிடைக்கிறது. உண்டான ஓட்டையை அடைக்க அது உதவும். புலி தொடர்ந்து தாண்டலாம் என்றால் அந்த இடைவெளி மறைகிறது. ஒன்றுவிட்டு ஒன்றாக ஆடுகளை நிறுத்தும் உத்தி முதல் வழக்கில் தாங்கத்தக்கது; இரண்டாவதில் அழிவுக்கு வழி.

மூன்றாவது, கட்டாய வெட்டு. வெட்ட வாய்ப்பிருந்தால் வெட்டியே ஆக வேண்டும் என்னும் விதி, மேலோட்டமாகப் புலிக்குச் சார்பானதாகத் தோன்றும். உண்மையில் அது ஆட்டின் கையில் ஒரு படைக்கலத்தைத் தருகிறது. ஓர் ஆட்டைப் பலியாக வைத்துப் புலியை ஒரு மூலைக்கு இழுத்து அடைக்கலாம். விருப்ப வெட்டு நிலவும் வழக்கில் புலி அத்தூண்டிலை மறுத்துவிடும்.

நான்காவது, வெற்றியின் எல்லை. செவ்வகத்தின் ஒரு பக்கத்திலுள்ள மூன்று புள்ளிகளில் மூன்று புலிகளும் அமைந்தால், அவை ஒன்றையொன்று தாண்ட இயலா. ஒவ்வொரு புலிக்கும் எதிரே கிடைக்கோட்டில் இரண்டு ஆடுகள் என 6 ஆடுகள் போதும்; மூன்று புலிகளும் அடைபடும். எனவே 9 ஆடுகளை இழந்த பின்னரும் ஆட்டுத் தரப்பு வெல்லும் வாய்ப்பு உண்டு. ஐந்து ஆடுகள் வெட்டப்பட்டதும் புலி வென்றதாகக் கொள்ளும் விதி இவ்வாய்ப்பை முற்றாக நீக்குகிறது. எல்லா ஆடுகளையும் வெட்ட வேண்டும் என்னும் விதியோ பொறுமையுள்ள ஆட்டுக்காரருக்குத் துணை நிற்கிறது.

உலகளாவிய ஒப்பீடு

விதியின் தோற்றச் சார்பும் உண்மைச் சார்பும் வேறுபடுவது இவ்வாட்டத்திற்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் 1974இல் வெளிவந்த டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ் என்னும் பாத்திரமேற்று ஆடும் மேசை ஆட்டத்தில், இருபது முகப் பகடையில் 20 விழுந்தால் தாக்குதலின் சேதம் இருமடங்காகும் என்னும் மாற்று விதியைப் பல குழுக்கள் ஏற்றன. இது இரு தரப்புக்கும் பொதுவானது. ஆயினும் எதிரி ஒரு சண்டையோடு மறைகிறான். ஆடுபவரின் பாத்திரமோ பல சண்டைகளில் தொடர்ந்து அத்தாக்குதலுக்கு ஆளாகிறது. பொதுவிதி, நீண்ட கால நோக்கில் ஆடுபவருக்கே பாதகமாகிறது.

பாக் சால் ஆட்டத்தை லிம், நீவர்கெல்ட் ஆகியோர் கணினிவழி ஆராய்ந்து 2004இல் கட்டுரை வெளியிட்டனர். இரு தரப்பும் பிழையின்றி ஆடினால் வெற்றி தோல்வி இல்லை என்பதை லிம்மின் தொடர் ஆய்வு நிறுவியது. இம்முடிவு குறித்த ஒரு விதித்தொகுப்புக்கு மட்டுமே பொருந்தும். ஒரு விதி மாறினும் கணக்கீட்டை மீண்டும் தொடங்க வேண்டும். அவ்வாறெனில், விதி வேறுபாடுகளைக் குறிக்காமல் 'ஆடு புலி ஆட்டம் புலிக்குச் சார்பானது' என்றோ 'ஆட்டுக்குச் சார்பானது' என்றோ கூறுவது பொருளற்றது.

பதிவு நெறி

தேவநேயப் பாவாணரின் 'தமிழ்நாட்டு விளையாட்டுக்கள்' (1954) விளையாட்டுகளை ஆடுவோர், பொழுது ஆகியவற்றின் அடிப்படையில் வகைப்படுத்தி, ஆடும் முறைகளை விளக்கிய முன்னோடி நூல். அதன் பின்னர் வந்த பொதுத் தொகுப்புகளும் விற்பனைப் பலகைகளோடு வரும் விதித்தாள்களும் பெரும்பாலும் ஒரே விதியை அச்சிடுகின்றன. அச்சேறிய விதி 'சரியான' விதியாகிறது. ஊர் வழக்கு 'தவறு' ஆகிறது. ஆனால் ஊர் வழக்கு என்பது பிழைபட்ட நினைவு அன்று. தேர்ந்த முதியவர் சிறுவரோடு ஆடும்போது தொடர் வெட்டை விலக்கிக் கொள்வது போன்ற உடன்பாடுகள், ஆடுவோர் திறனுக்கேற்ப வலுவைச் சமன் செய்யும் அறிவின் வெளிப்பாடுகள்.

இங்கே பதிப்பு மரபு வழிகாட்டும். உ.வே. சாமிநாதையர் 1889இல் வெளியிட்ட பத்துப்பாட்டிற்காக ஏடு தேடி, இதே தாமிரபரணிக் கரையிலுள்ள ஆழ்வார்திருநகரிக்கு வந்தார். அவர் பதிப்புகள் ஒரு பாடத்தை ஏற்றபோதும் பிற பாடங்களைப் பிரதிபேதங்களாகக் காட்டின. அதே நெறியில் சேரன்மகாதேவி, பத்தமடை, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி என ஊர்வாரியாக இறக்கும் முறை, நகர்வுத் தொடக்கம், வெட்டு முறை, வெற்றி எல்லை ஆகிய நான்கையும் தனித்தனியே கேட்டுப் பதிய வேண்டும். யார் யாரோடு ஆடும்போது எவ்விதி என்பதும் குறிக்கப்பட வேண்டும்.

முடிவுரை

ஆடு புலி ஆட்டத்தின் விதிகள் ஒவ்வொன்றும் வலுவை ஒரு தரப்பிலிருந்து மற்றொரு தரப்புக்கு நகர்த்துகின்றன. அந்நகர்வு சில வேளைகளில் விதியின் தோற்றத்திற்கு நேர்மாறானது. எனவே விதி வேறுபாடுகளை நீக்கி ஒருமைப்படுத்துவது ஆட்டத்தைக் காப்பதாகாது; அவ்வாட்டத்தைத் தமக்கேற்ப அமைத்துக்கொண்ட மக்களின் சிந்தனையை இழப்பதாகவே முடியும். கோயில் தளத்துக் கோடுகள் இன்னும் பல நூற்றாண்டுகள் நிற்கக்கூடும். விதிகளைச் சொல்லும் முதியவர்களுக்கு அத்தகைய கால வரம்பு இல்லை என்பதால், களப்பதிவு உடனடித் தேவையாகிறது.