வட்டக்களரியும் வரவாட்டமும்

வட்ட அரங்கு என்றதும் பலர் நினைவில் எழுவது சர்க்கஸ் ஆகும். 1768இல் பிலிப் அஸ்ற்லி என்னும் குதிரைவீரர் இலண்டனிலே வட்டவெளியொன்றில் தம் வித்தைகளைக் காட்டினார். காலப்போக்கில் 42 அடி விட்டமுள்ள வட்டமே அவ்வரங்கின் அளவாக நிலைபெற்றது. வாத்திய முழக்கத்துக்கு இயையக் கலைஞர் யாவரும் ஒப்பனையுடன் அரங்கை வலம்வரும் அணிவகுப்பு அக்காட்சிக்குத் தனிச்சிறப்பாயிற்று. 1880இல் விஷ்ணுபந்த் சத்ரே இந்தியாவிலும் இத்தகைய குழுவொன்றை அமைத்தார்.

இவற்றோடு தொடர்பெதுவுமின்றி, வட்டம், வரவு, இசை ஆகிய மூன்றையும் இணைத்த ஆற்றுகை மரபொன்றினை மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரை, படுவான்கரைக் கிராமங்கள் பேணி வந்துள்ளன. வடமோடி, தென்மோடி என்னும் கூத்துக்களே அவை.

கூத்துக்குரிய களரி மண்ணால் வட்டமாக உயர்த்தப்படும். சுற்றிலும் கம்புகள் நடப்படும். மேலே வெள்ளை கட்டப்படும். மத்தளத்துடன் அண்ணாவியார் நடுவில் நிற்பார். சல்லரிக்காரரும் பிற்பாட்டுக்காரரும் அவரைச் சார்ந்து நிற்பர். ஆடுவோர் அவர்களைச் சுற்றி ஆட, ஊரவர் நாற்புறமும் அமர்ந்து விடியும்வரை காண்பர். எனவே இசை ஆட்டத்துக்குத் துணை மாத்திரமன்று. அரங்கின் மையமும் அதுவே.

இவ்வமைப்பின் பொலிவு வரவாட்டத்திலே புலப்படும். கட்டியக்காரன் அறிவிக்க, அரசன் களரியுட் புகுவான். வடமோடியில் அவன் கரப்புடுப்பும் கனத்த முடியும் அணிந்திருப்பான். அரசர்க்கு ஒரு தாளக்கட்டு, பெண்பாத்திரங்களுக்கு வேறொன்று என வகுத்திருத்தலால், மத்தள ஒலி கேட்ட அளவிலேயே வருபவர் இன்னாரென அவையோர் உணர்வர். வீசாணம், எட்டு, பாய்ச்சல் முதலிய ஆட்டங்கள் வட்டத்தை நிரப்பும். பாத்திரத்தின் தகுதி உரையாடலால் விளக்கப்படுமுன்னரே தாளத்தாலும் உடையாலும் நிறுவப்பட்டுவிடும்.

இத்திறன் ஓரிரவில் வாய்ப்பதன்று. சட்டங்கொடுத்தல், சதங்கை அணிதல், கிழமைக்கூத்து, அடுக்குப் பார்த்தல் எனப் பல மாதப் பயிற்சிக்குப் பின்னரே அரங்கேற்றம் நிகழும். ஒவ்வொரு படியும் ஊர் கூடும் நிகழ்ச்சியாதலின், அரங்கேற்றத்தன்று காண்போருட் பலர் ஆட்டமும் பாட்டும் முன்னரே அறிந்தவராயிருப்பர்.

இம்மரபு பல்கலைக்கழகத்தை அடைந்தமை ஈழத்து நாடக வரலாற்றில் ஒரு திருப்பமாகும். 1956இல் எதிரிவீர சரச்சந்திர சிங்கள நாடகம மரபைத் தழுவி ‘மனமே’யை மேடையேற்றினார். பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962 தொடக்கம் ‘கர்ணன் போர்’, ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’, ‘வாலிவதை’ ஆகியவற்றைத் தயாரித்தளித்தார். வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார் போன்ற கிராமக் கலைஞரின் புலமை அம்முயற்சிக்கு அடித்தளமாயிற்று. விடியவிடிய ஆடிய கூத்து சுருக்கப்பட்டு, ஒருமுகப் படச்சட்ட மேடைக்கு ஏற்ப அமைக்கப்பட்டது. நடுவில் நின்ற அண்ணாவியார் மேடையின் ஓரத்துக்குப் பெயர்ந்தார்.

இதனால் விளைந்த நன்மை பெரிது. நாட்டுப்புறத்தாரின் பொழுதுபோக்கெனக் கற்றோர் புறக்கணித்த கலை, தேசிய நாடக மரபுக்குரிய மதிப்பைப் பெற்றது, பேராசிரியர் சி. மௌனகுரு போன்றோரின் ஆய்வுக்கும் வழிபிறந்தது. ஆயினும் இழப்பும் உண்டு. நாற்புறமும் நோக்கி ஆடியவன் ஒருபுறமே நோக்கி ஆடலானான். சுற்றியிருந்து உடன்பாடிய ஊர், இருட்டில் அமர்ந்த பார்வையாளர் கூட்டமாயிற்று. வரவாட்டம் அழகிய காட்சியாக எஞ்சியது. ஊரவர் தம்மவனை அரசனாக ஏற்றுக்கொள்ளும் தருணமாக அது அமைவது அரிதாயிற்று.

2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் சீலாமுனையில் கலாநிதி சி. ஜெயசங்கர் ஊர்மக்களோடு இணைந்து முன்னெடுத்த கூத்து மீளுருவாக்கம், களரியை மீண்டும் சமூகத்தின் கலந்துரையாடற் களமாகக் கொண்டமை இவ்விடத்து நோக்கத்தக்கது. கதைப்பொருளை மாற்றவேண்டுமெனினும் அதனை ஆடுவோரும் காண்போருமான ஊரவரே கூடி மாற்றவேண்டும் என்பது அதன் உட்கிடை.

மேடையா களரியா என வழக்காடுதல் பயனற்றது. இரண்டும் இன்று வேண்டப்படுவனவே. எனினும் உடையையும் தாளக்கட்டையும் மாத்திரம் பேணிவிட்டுக் கூத்தைக் காத்துவிட்டோம் எனக் கருதுதல் பொருந்தாது. அண்ணாவியாரை நடுவிலும் ஊரைச் சுற்றிலும் நிறுத்திய அவ்வுறவும் பேணப்படுதல் வேண்டும். கூத்தைப் பாடமாகப் பயிலும் மாணவர் கிராமத்துக் களரியின் ஓரத்தில் ஓரிரவேனும் அமர்ந்திருத்தல் அதற்கு முதற்படியாகும்.