இசையும் ஊதியமும்: மாத்தளை நாட்டைக் களனாகக் கொண்ட ஓர் ஆராய்வு

பண்டைத் தமிழ்ப் புலவர் இசைவாணரின் பசியை மறைத்தாரல்லர். பத்துப்பாட்டுள் திருமுருகாற்றுப்படை ஒழிந்த ஏனை ஆற்றுப்படைகள் நான்கும் பாணர், பொருநர், கூத்தர் என்போரின் வாழ்க்கை பற்றியனவே. வள்ளல் ஒருவனிடம் பரிசில் பெற்று மீளும் கலைஞன், வழியில் எதிர்ப்படும் வறிய கலைஞனை நோக்கி, இன்ன நெறியிற் செல்க, இன்னானைக் காண்க, இன்னது பெறுவாய் என அறிவுறுத்துதல் அந்நூல்களின் பொருளாகும். ஆகவே, இசை வல்லான் ஒருவன் தன் இசையைக் கொண்டே உயிர் வாழ்தல் எவ்வாறு என்னும் வினா நம்மவர்க்குப் புதியதன்று. மன்னரும் வள்ளல்களும் மறைந்த பின்னரும் அவ்வினா மறைந்திலது.

இலங்கையிற் பல காலத்தார் இதற்குக் கண்ட விடைகளை ஒருங்கு வைத்து நோக்குதற்கு மாத்தளை மாவட்டம் ஏற்ற களமாகும். கண்டிக்கு வடக்கே அமைந்த இந்நாட்டில் பழைய கண்டியரசின் கோயிற் கிராமங்களும், பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த பெருந்தோட்டங்களும், தமிழர் எடுத்த ஆலயங்களும் அடுத்தடுத்து உள்ளன. வாய்மொழியாக ஓதப்பட்டு வந்த பாளித் திருநூல்கள் கி. மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமணி மன்னன் காலத்தில், ஏட்டில் எழுதப்பட்டது மாத்தளை நகருக்கு அணித்தாயுள்ள அலுவிகாரையில் என்பது மரபு. வாய்மொழி ஏட்டில் ஏறுதலால் நூல் நிலைபெறுகின்றது. பாட்டு அச்சிலும் ஒலித்தட்டிலும் ஏறியபோது பாட்டு நிலைபெற்றது உண்மை. பாடினவன் வாழ்வு நிலைபெற்றதா என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

கண்டியரசில் ஊதியம் என்பது பெரும்பாலும் காசன்று, நிலமாகும். 1660 முதல் 1679 வரை அவ்வரசிற் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயராகிய றொபேட் நொக்ஸ், 1681 இல் வெளிவந்த தம் நூலில், குடிகள் நிலத்தை அனுபவித்து அதற்கீடாக அரசனுக்கு ஊழியம் புரிந்த முறையை எடுத்துரைக்கின்றார். இவ்வூழியமே இராசகாரியம் எனப்பட்டது. விகாரைகளுக்கும் தேவாலயங்களுக்கும் உரிய கிராமங்களிலும் இம்முறையே நிலவிற்று. நிலப்பங்கு உடையோருள் ஒருவன் விளக்குக்கு எண்ணெய் வழங்கினான். ஒருவன் கூரை வேய்ந்தான். ஒருவன் பூசை வேளைகளிற் பறை முழக்கினான். பறை முழக்குதல் பெரவா என்னும் குலத்தார்க்குரிய கடமையாயிற்று. கெடபெர, தவுல, தம்மெட்டம என்பன அவர்தம் கருவிகள். தவுல என்னும் பெயர் நம் தவிலையும், தம்மெட்டம என்பது நம் தம்பட்டத்தையும் நினைவூட்டுதல் நோக்கற்பாலது.

இம்முறையின் நன்மை வெளிப்படை. வயல் விளையும் வரை பறையறைவோன் வீட்டில் உலை கொதிக்கும். தந்தை கற்ற தாளம் மைந்தனைச் சேரும். தீமையும் வெளிப்படையே. முழக்குதலும் முழக்காமையும் அவன் விருப்பத்தின்பால் இல்லை. பிறப்புத் தொழிலை வகுத்தது. தொழில் தாழ்வை வகுத்தது. கோல்புறூக்கு ஆணைக்குழுவின் ஆய்வையடுத்து 1832 இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டபோதும் கோயில் நிலங்கள் அவ்வொழிப்புக்கு உட்பட்டில. 1870 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமே அந்நிலங்களுக்குரிய ஊழியங்களைப் பதிவு செய்து, விரும்புவோர் ஊழியத்துக்கு ஈடாகக் காசு செலுத்தலாம் என வழி வகுத்தது. அதனாற் பறையறைவோன் ஊழியத்தை விட்டும் நிலத்தை விடாதிருத்தல் கூடியதாயிற்று. கட்டு நெகிழ்ந்தது. ஆயின், கட்டின்றி முழக்குவோனுக்கு ஊதியம் யாது என்பதை அச்சட்டம் வகுத்திலது.

இக்காலத்திலேயே தென்னிந்தியத் தொழிலாளரும் மாத்தளை நாட்டிற் குடிபுகுந்தனர். கோப்பிப் பயிர் பெருகிய காலத்தில் அவர்கள் மன்னார்ப் பகுதிக் கரையில் இறங்கிக் காட்டு வழியே நடந்து, தம்புள்ளையைக் கடந்து மாத்தளையை அடைந்தனர். நோயாலும் பசியாலும் வழியில் மாண்டார் பலர். அவ்வரவின் இருநூறாவது ஆண்டை நினைவுகூர்ந்து 2023 இல் தலைமன்னாரிலிருந்து நடைபயணம் மேற்கொண்டோர் அதனை மாத்தளையிலேயே நிறைவு செய்தனர்.

தொழிலாளரோடு தப்பும் வந்தது. விடியுமுன் லயத்து மக்களைப் பெரட்டுக் களத்துக்கு அழைத்தது தப்பொலி. மாசியிற் காமன் கூத்துக்கும், அம்மன் திருவிழாவுக்கும், மணத்துக்கும், மரணத்துக்கும் அதுவே முழங்கிற்று. இங்கே நிலப்பங்கு என்பது இல்லை. அரிசி, வேட்டி, வெற்றிலை பாக்கு, சில்லறைக் காசு என்பனவே கொடை. கொடுப்போனும் நாட்கூலியை நம்பியவன் ஆதலின் கொடை சிறிதாகவே இருந்தது. தப்படிப்போன் தோட்ட வேலையாற் பிழைத்தான், தப்பினாற் பிழைத்தானல்லன். கண்டிக் கிராமத்துப் பறையறைவோனுக்குத் தாழ்வோடு நிலமும் இருந்தது. தோட்டத்துத் தப்படிப்போனுக்கோ தாழ்வு மட்டுமே எஞ்சிற்று. பிற்காலத்தில் அவன் மக்களுட் பலர் தப்பைத் தொட மறுத்தமைக்கு இதுவே காரணம். அம்மறுப்பைக் கலையன்பின்மை எனக் கூறுதல் வரலாறறியார் கூற்றாகும்.

ஆலயத் திருவிழாக்கள் வேறொரு வழியைத் திறந்தன. மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் மாசிமகத்தையொட்டி ஐந்து தேர்கள் வீதியுலா வருதல் நாடறிந்தது. இத்தகைய பெருவிழாக்களுக்கு நாதஸ்வர, தவிற் கலைஞர் தொலைவிலிருந்தும் அழைக்கப்பட்டனர். அளவெட்டி என். கே. பத்மநாதன், தவில் மேதை வி. தட்சிணாமூர்த்தி முதலியோர் புகழை வளர்த்ததும் இவ்விழா மரபேயாம். இங்கு ஊதியம் முன்னரே பேசி முடித்த பணமாயிற்று. பேசும் உரிமை கலைஞனுக்கு வந்தது பெரிய மாற்றம். எனினும் விழா இல்லாத மாதங்களில் ஊதியமும் இல்லை. உழவனுக்கு மழை எவ்வாறோ, மேளகாரனுக்குக் கொடியேற்றம் அவ்வாறாயிற்று.

பிறர் நிழலில் நில்லாது இசையை ஆக்கி விற்கும் முயற்சி அச்சோடு தொடங்கிற்று எனலாம். கண்டியிலிருந்து மாத்தளைக்குப் புகையிரதப் பாதை 1880 இல் திறக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், மலையகத்திற் பாடலாசிரியர் சிலர் தாமே பாட்டெழுதிச் சிறு பிரசுரங்களாக அச்சிட்டுத் தாமே பாடிச் சில சதங்களுக்கு விற்றனர். தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள், தொழிலாளர் துயரைப் பாட்டாக்கிக் கூட்டங்களிற் பாடியும் அச்சிற் பரப்பியும் ஆற்றிய தொண்டு இம்மரபில் தலையாயது. மக்கள் அறிந்த மெட்டிலேயே இப்பாடல்கள் பெரும்பாலும் அமைந்தன. ஆகவே இசையமைக்கச் செலவில்லை. அச்சுக்கூலி ஒன்றே முதல். ஆக்குவோனும் வெளியிடுவோனும் விற்போனும் ஒருவரே ஆனமையின் இடையில் நின்று பங்கு கொள்வாரும் இலர். இக்காலத்தார் தன்னுரிமை இசைத் தயாரிப்பாளர் எனக் கூறுவோர்க்கு இவர்களே முன்னோர். ஆயினும் ஒரு குறை உண்டு. ஒருமுறை கேட்ட பாட்டை ஊரெல்லாம் பாடும். இரண்டாம் முறை எவரும் வாங்கார். பாட்டு வளர வளர அதனைப் பாடியவன் மறக்கப்பட்டான்.

அச்சுச் செலவே கலைஞனைக் கடன்படுத்திய வரலாறும் உண்டு. இலங்கையின் தேசிய கீதத்தை 1940 இல் இயற்றி இசையமைத்தவர் ஆனந்த சமரக்கோன். தம் பாடற்றொகுதியாகிய 'கீத குமுதினி' என்னும் நூலை அச்சிட்ட செலவை இறுக்கவியலாது அதன் உரிமையை அவர் விற்க நேர்ந்தது. 1950 இல் அரசாங்கம் கீதத்தின் உரிமைக்கு 2,500 ரூபா அளித்தபோது, அப்பணம் இயற்றியவர் கையைச் சென்றடையவில்லை. 1961 இல் அவர் விருப்புக்கு மாறாகக் கீதத்தின் முதற்சொற்களும் மாற்றப்பட்டன. 1962 இல் அவர் காலமானார். நாடு முழுவதும் எழுந்து நின்று பாடிய பாட்டு ஆக்கியோனுக்கு ஊதியம் தரவில்லையெனில், ஊதியத்தைத் தருவது புகழன்று, உரிமையே என்பது தெளிவாகும்.

இவ்வுண்மை அண்மைக் காலத்தும் மெய்ப்பட்டது. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட மலையகத் தமிழருட் பல்லாயிரவர், 1964 ஆம் ஆண்டுச் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின்னர்த் தமிழ்நாடு சென்றனர். அவர்தம் பாட்டும் உடன் சென்றது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தாயகம் திரும்பிய பாட்டி ஒருவரின் பேரன் அறிவு. அவர் எழுதித் தீயோடு இணைந்து பாடிய 'என்ஜாய் எஞ்சாமி' என்னும் பாடல் 2021 இல் வெளிவந்து பல கோடி முறை கேட்கப்பட்டது. திரைப்படத்தைச் சாராது எழுந்த பாடல் அது. ஆயின் 2024 இல் அதன் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன், தாமும் ஏனைக் கலைஞரும் அப்பாடலால் வருவாய் எதுவும் பெற்றிலர் எனப் பொதுவில் உரைத்தார். வெளியிட்ட நிறுவனத்தாரும் தம் தரப்பு விளக்கத்தை வெளியிட்டனர். வழக்கின் நியாயம் யாதாயினும், கணக்கு யார் கையில் உள்ளதோ அவர் கையிலேயே வருவாயும் தங்கும் என்பது இதனாற் பெறப்படும்.

இன்று மாத்தளையின் எம்மூலையிலும் ஓர் இளைஞன் கணினியும் ஒலிவாங்கியும் கொண்டு தன் வீட்டிலேயே பாட்டொன்றைப் பதிவு செய்து உலகெங்கும் அனுப்பவியலும். ஸ்பொட்டிபை என்னும் இணைய இசைச் சேவை 2021 இல் இலங்கைக்கு வந்தது. ஆயினும் 2024 முதல் அச்சேவையில் ஒரு பாடல் பன்னிரு மாதங்களில் 1,000 முறையேனும் கேட்கப்பட்டாலன்றி ஒலிப்பதிவுக்குரிய பங்கு பெறாது. அவ்வெல்லையைக் கடந்தும் பெறுவது சிறு தொகையே. ஆகவே ஒரு வாயிலை மட்டும் நம்புதல் பழைய பிழையை மீளச் செய்தலாகும். திருவிழா மேடை, மணவீட்டு இசை, பிறர் பாட்டைப் பதிவு செய்து கொடுத்தல், விளம்பர இசை, இளையோர்க்குக் கற்பித்தல் என ஊதிய வாயில்கள் பலவாதல் வேண்டும். ஒன்று அடைபட்ட மாதத்தில் மற்றொன்று உதவும்.

சட்டமும் கைகொடுக்கின்றது. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், ஆக்கியோன் வாழ்நாள் முழுதும், அதன்பின் 70 ஆண்டுகளும் பதிப்புரிமையைக் காக்கின்றது; நாட்டார் கலை வெளிப்பாடுகளுக்கும் பாதுகாப்பு அளிக்கின்றது. சமரக்கோன் இழந்ததை இன்றைய இளைஞன் இழவாதிருத்தல் கூடும். அதற்கு அவன் எழுத்தில் உடன்பாடு செய்தலும், படித்த பின்னரே ஒப்பமிடுதலும், வரவு செலவுக் கணக்கைத் தானே எழுதுதலும் வேண்டும். இவை இசைக்குப் புறம்பானவை என்று எண்ணுதல் கூடாது. சுருதி சேர்த்தல் போல இவையும் தொழிலின் கூறுகளே.

இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படுவது யாதெனின், நிலம் இருந்த காலத்து இசைவாணனுக்கு விடுதலை இல்லை. விடுதலை வந்த காலத்து நிலைத்த ஊதியம் இல்லை. இரண்டையும் ஒருங்கே தரவல்லன உரிமையும் கணக்குமே. தாழ்வெனக் கருதப்பட்ட பறையை முழக்கிய மதுரை வேலு ஆசானுக்கு 2025 இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது அளித்தது. மதிப்பு வந்துவிட்டது, பிழைப்பும் உடன் வருதல் வேண்டும். பழைய பொருநன் தான் பெற்ற வழியைத் தன்னையொத்த மற்றொருவனுக்கு மறையாது கூறினான். ஒலிப்பதிவு கற்றோரும், ஒப்பந்தத்தால் இழந்தோரும், சிறிதேனும் ஈட்டினோரும் தம் அனுபவத்தை அடுத்து வருவோர்க்கு அவ்வாறே கூறுவாராயின், அதுவே இக்காலத்து ஆற்றுப்படை ஆகும். கல்லூரிகளும் அதற்கு இடமளித்தல் தகும்.