ஊர் தெரிகிறது, சேரி தெரியவில்லை: வாய், தொண்டைப் புற்றுநோயின் வட்டார வேறுபாடுகள்

உலகில் ஓராண்டில் புதிதாக வாய்ப் புற்றுநோய்க்கு ஆளாவோர் ஏறத்தாழ 3.9 இலட்சம் பேர். அவர்களில் ஏறத்தாழ 1.44 இலட்சம் பேர் இந்தியாவில் வாழ்பவர்கள். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2022ஆம் ஆண்டுக்கு வெளியிட்ட மதிப்பீடு இது. உலக மக்கள்தொகையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவானோர் வாழும் நாட்டில், உலக வாய்ப் புற்றுநோயாளிகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் இருக்கிறார்கள். அதே ஆண்டில் இந்நோயால் இந்தியாவில் இறந்தோர் ஏறத்தாழ 80 ஆயிரம் பேர். இந்திய ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் இதுவே.

இந்தச் சுமை நாடெங்கும் ஒரே அளவில் இல்லை. நாட்டுக்கு நாடு, மாநிலத்துக்கு மாநிலம், மாவட்டத்துக்கு மாவட்டம் நோயின் அளவும் மாறுகிறது. அது தாக்கும் இடமும் மாறுகிறது. இந்த வேறுபாடு எதனால் வருகிறது, அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

உலக வரைபடம்

வாய்ப் புற்றுநோய் என்பது உதடு, நாக்கு, ஈறு, கன்னத்தின் உட்புறம், வாயின் அடித்தளம், அண்ணம் ஆகியவற்றில் தோன்றுவது. வாய்க்குப் பின்னுள்ள நடுத்தொண்டை, அதற்குக் கீழுள்ள கீழ்த்தொண்டை, குரல்வளை ஆகியவற்றில் தோன்றுவதைப் பொதுவழக்கில் தொண்டைப் புற்றுநோய் என்கிறோம்.

வாய்ப் புற்றுநோய் விகிதம் உலகிலேயே மிகக் கூடுதலாக உள்ள நாடுகளில் பப்புவா நியூ கினி முன்னிற்கிறது. அங்கே பாக்கைச் சுண்ணாம்புடன் மெல்லும் வழக்கம் ஆண், பெண் இருவரிடமும் பரவியுள்ளது. தைவானில் ஆண்களிடையே நோய் மிகுதி. அங்கும் பாக்கு மெல்லுதலே முதன்மைக் காரணம். உடலுழைப்புத் தொழிலாளரும் பூர்வகுடி மக்களும் அங்கே கூடுதலாகப் பாக்கு மெல்லுகிறார்கள். இலங்கையில் ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படுவது வாய்ப் புற்றுநோய்தான்.

வட அமெரிக்காவிலும் வட ஐரோப்பாவிலும் நிலைமை வேறு. அங்கே புகைபிடித்தல் குறைந்தது. ஆனால் மனித பாப்பிலோமா வைரசால் வரும் நடுத்தொண்டைப் புற்றுநோய் பெருகிவருகிறது. இந்தியாவில் அந்த வைரசின் பங்கு அதைவிட மிகக் குறைவு. இங்கே நோயின் வேர் புகையிலை, பாக்கு, மது ஆகிய மூன்றில் இருக்கிறது.

வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு கொண்ட தாம்பூலம் புகையிலை சேராமலே புற்றுநோயை உண்டாக்கும் என்பதைப் பன்னாட்டு முகமை 2004இல் உறுதிசெய்தது. பாக்கையும் தனியாகப் புற்றுநோய்க் காரணி என்றே வகைப்படுத்தியது. பாக்கிலுள்ள அரெக்கோலின் வாயின் உட்தோலில் நார்த்திசுவைப் பெருக்குகிறது. நாளடைவில் வாயைத் திறப்பதே கடினமாகிறது. சுண்ணாம்பு தோலை அரிக்கிறது. புகையிலையிலுள்ள நைட்ரோசமைன்கள் உயிரணுக்களைச் சிதைக்கின்றன. புகையிலையோடு மதுவும் சேரும்போது தீங்கு கூடுவதில்லை, பெருகுகிறது.

இந்தியாவுக்குள் பல இந்தியாக்கள்

2016–17ஆம் ஆண்டு நடந்த உலக வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் வயதுவந்தோரில் 28.6 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு வடிவில் புகையிலையைப் பயன்படுத்துகிறார்கள். திரிபுராவில் இது 64.5 விழுக்காடு, கோவாவில் 9.7, கேரளத்தில் 12.7, தமிழ்நாட்டில் 20. புகைப்பவர்கள் 10.7 விழுக்காடு என்றால், மெல்லுபவர்களும் அதக்குபவர்களும் 21.4 விழுக்காடு. மேலைநாடுகளிலிருந்து இந்தியாவைப் பிரித்துக் காட்டுவது இந்த வேறுபாடுதான்.

எதை, எப்படி, வாயின் எந்தப் பக்கத்தில் வைக்கிறோமோ அந்த இடத்தில் நோய் வருகிறது. குஜராத்தில் பாக்குச் சீவலும் புகையிலையும் சுண்ணாம்பும் கலந்த மாவாவும் குட்காவும் பரவலானவை. அங்கே வாய்ப் புற்றுநோய் நாட்டிலேயே மிகக் கூடுதலாக உள்ள நகரங்களில் அகமதாபாத் ஒன்று. பீகாரிலும் உத்தரப்பிரதேசத்திலும் கைனியைக் கீழுதட்டுக்குள் அதக்குகிறார்கள். இந்திய நோயாளிகள் பலருக்குக் கன்னமும் ஈறும் சேரும் மடிப்பில் கட்டி தோன்றுவதற்குக் காரணம், அந்த மடிப்பில்தான் புகையிலை மணிக்கணக்கில் தங்குகிறது என்பதே.

வடகிழக்கில் பச்சைப் பாக்கும் ஊறவைத்த பாக்கும் மெல்லப்படுகின்றன. அத்துடன் புகைப்பழக்கமும் மிகுதி. அதனால் அங்கே கீழ்த்தொண்டையிலும் உணவுக்குழாயிலும் நோய் கூடுதலாக வருகிறது. மேகாலயத்தின் கிழக்குக் காசி மலை மாவட்டத்தில் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் பத்தில் ஏழு, புகையிலையோடு தொடர்புடைய உறுப்புகளில் வருபவை என்று தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டத்தின் 2020ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. ஆந்திரத்தின் ஸ்ரீகாகுளம், விசாகப்பட்டினம் கடற்கரைப் பகுதிகளில் ஏழைப் பெண்கள் சுருட்டின் எரியும் முனையை வாய்க்குள் வைத்துப் புகைக்கும் வழக்கம் இருந்துவந்தது. பிற இடங்களில் அரிதான மேலண்ணப் புற்றுநோய் அங்கே பரவலாகக் காணப்பட்டது.

தமிழகத்துக்கும் இவ்வாய்வின் வரலாற்றில் இடமுண்டு. அன்று தென்திருவிதாங்கூரில் இருந்த, இன்று கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்த நெய்யூரில் மிஷன் மருத்துவமனையில் பணியாற்றிய அறுவை மருத்துவர் ஓர், வெற்றிலை பாக்கு போடுவோரிடம் வரும் வாய்ப் புற்றுநோய் பற்றி 1933இல் லான்செட் இதழில் எழுதினார். ஏறத்தாழ நூறு ஆண்டுகளாக மருத்துவ உலகம் அறிந்த நோய் இது.

மண்ணா, இரத்தமா?

சில வட்டாரங்களில் நோய் மிகுந்திருப்பதைப் பார்த்து, அதை அந்த மண்ணின் இயல்பு என்றோ மக்களின் பிறவிக்கூறு என்றோ எண்ணிவிடுவது எளிது. இரண்டு சான்றுகள் அந்த எண்ணத்தை உடைக்கின்றன.

முதலாவது, பம்பாய். இந்தியாவின் முதல் மக்கள்தொகைப் புற்றுநோய்ப் பதிவேடு அங்கே 1963இல் தொடங்கப்பட்டது. அதை வழிநடத்திய மருத்துவர் ஜுசாவாலாவும் அவருடைய குழுவினரும் நோயை மதவாரியாகவும் கணக்கிட்டார்கள். ஒரே நகரம், ஒரே காற்று, ஒரே தண்ணீர். ஆயினும் பார்சிகளிடம் வாய், தொண்டைப் புற்றுநோய்கள் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தன. நெருப்பைப் புனிதமாகக் கருதும் அச்சமூகத்தில் புகைபிடித்தல் அரிது. கல்வியும் வருவாயும் கூடுதல்.

இரண்டாவது, புலம்பெயர்ந்த தமிழர். 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் மலாயாவின் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர்களில் ஒடுக்கப்பட்ட சாதியினர் கணிசமானோர். இன்றைய மலேசியாவின் தேசியப் புற்றுநோய்ப் பதிவேடு மலாய்க்காரர், சீனர், இந்தியர் எனப் பிரித்து எண்ணுகிறது. வாய்ப் புற்றுநோய் அங்கே இந்தியர்களிடம், குறிப்பாக இந்தியப் பெண்களிடம், மற்ற இரு இனத்தவரைவிட மிகக் கூடுதல். கடல் கடந்து மண் மாறியது; தோட்ட வாழ்வும் அதனோடு சென்ற வெற்றிலைப் பையும் மாறவில்லை.

எனவே வட்டார வேறுபாடு என்று நாம் சொல்வது, உண்மையில் பழக்கம், தொழில், வருவாய், சந்தை, மருத்துவ வசதி ஆகியவற்றின் வேறுபாடு. இவை அனைத்தையும் இந்தியாவில் சாதி பங்கிட்டு வைத்திருக்கிறது.

பதிவேட்டில் இல்லாத கட்டம்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1981இல் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. சென்னையில் அடையாறு புற்றுநோய் நிலையம் அதன் ஒரு பதிவேட்டை நடத்துகிறது. மகாராட்டிரத்தின் பார்ஷியில் 1987இல் முதல் ஊரகப் பதிவேடு உருவானது. 2020 அறிக்கைக்கு அடிப்படையான 28 பதிவேடுகளும் சேர்ந்து நாட்டு மக்களில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கினரையே உள்ளடக்குகின்றன. அவற்றிலும் நகரங்களுக்கே பெரும்பங்கு.

இவ்வறிக்கைகள் வயது, பால், மாவட்டம், உறுப்பு எனப் பிரித்துக் கணக்குத் தருகின்றன. சாதிவாரியான நோய் விகிதம் அவற்றில் இல்லை. மாவட்டம் தெரிகிறது, அம்மாவட்டத்தின் ஊருக்கும் சேரிக்கும் இடையிலான வேறுபாடு தெரியவில்லை. மதவாரியாக எண்ண முடிந்த நாட்டில், இனவாரியாக எண்ணும் அண்டை நாடுகள் இருக்கும்போது, சாதிவாரியாக எண்ண முடியாது என்பதை நாம் ஏற்க இயலாது.

பழக்கத்தைப் பற்றிய கணக்கு மட்டும் நம்மிடம் உண்டு. தேசியக் குடும்பநல ஆய்வுகளில் பட்டியல் சாதி, பழங்குடி ஆண்களிடையே புகையிலைப் பயன்பாடு மற்றவர்களைவிடக் கூடுதலாகவே பதிவாகிவருகிறது. கல்வியும் செல்வமும் குறையக் குறையப் பயன்பாடு கூடுகிறது. இதைக் கொண்டு அவர்கள் ஒழுக்கமில்லாதவர்கள் என்று தீர்ப்பெழுதுவோர் உண்டு. நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: புகையிலை எந்த வேலைக்குத் துணையாகக் கொடுக்கப்பட்டது?

நாள் முழுதும் குனிந்து நடவு செய்பவருக்கு அது பசியை மரத்துப்போகச் செய்கிறது. கழிவுநீர்த் தொட்டிக்குள் இறக்கப்படுபவருக்கு நாற்றத்தைத் தாங்கும் வழியாக மதுவும் புகையிலையும் ஒருசேரத் தரப்படுகின்றன. மனிதர் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் சட்டம் 2013இல் வந்த பின்னும் அந்த வேலை நின்றபாடில்லை. மதுவும் புகையிலையும் சேரும்போது நோய்வாய்ப்பு பன்மடங்கு பெருகும் என்று மேலே கண்டோம். அந்தச் சேர்க்கையைத் தொழிலின் பகுதியாகவே ஆக்கியிருப்பது சாதி.

பொட்டலத்தின் அரசியல்

பெட்டிக்கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் சிறு பொட்டலமாக வந்த பின்னர்தான் குட்கா இளைஞர்களையும் பள்ளிப் பிள்ளைகளையும் எட்டியது. உணவுப் பொருள்களில் புகையிலையும் நிகோட்டினும் சேர்க்கக் கூடாது என்னும் விதி 2011இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி 2012இல் மத்தியப்பிரதேசமும் கேரளமும், 2013இல் தமிழ்நாடும் குட்காவைத் தடைசெய்தன. நிறுவனங்கள் பான் மசாலாவை ஒரு பொட்டலத்திலும் புகையிலையை மற்றொரு பொட்டலத்திலும் அடைத்து விற்கத் தொடங்கின. வாங்குபவர் இரண்டையும் கலந்துகொள்கிறார். தடையின் பெயரால் பிடிபடுபவர் பெரும்பாலும் பெட்டிக்கடைக்காரர். உற்பத்தி செய்பவர் வெகு தொலைவில் இருக்கிறார்.

தாமதமாக வரும் நோயாளி

இந்தியாவில் வாய்ப் புற்றுநோயாளிகளில் பெரும்பான்மையோர் நோய் முற்றிய பிறகே மருத்துவமனைக்கு வருகிறார்கள். தொடக்க நிலையில் வலி இருப்பதில்லை. வலிக்கத் தொடங்கும்போது காலம் கடந்திருக்கிறது. கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு வாரத்தில் ஐந்து நாள் வீதம் ஆறு, ஏழு வாரம் செல்ல வேண்டும். அரசுக் காப்பீடு சிகிச்சைச் செலவை ஏற்கலாம். இழந்த கூலியையும் பயணச் செலவையும் துணைக்கு வந்தவரின் தங்குமிடத்தையும் அது ஏற்பதில்லை. அன்றாடக் கூலியில் வாழும் குடும்பம் சிகிச்சையைப் பாதியில் கைவிடுவதற்குக் காரணத்தை அறியாமையில் மட்டும் தேடக் கூடாது.

இந்நோயை முன்கூட்டியே காண விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. 1996இல் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 13 பஞ்சாயத்துகளில் தொடங்கிய ஆய்வு இதை மெய்ப்பித்தது. பயிற்சி பெற்ற நலப் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று, வெளிச்சத்தில் வாயைத் திறந்து பார்த்தார்கள். புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய் இறப்பு 34 விழுக்காடு குறைந்ததென 2005இல் முடிவு வெளியானது.

30 முதல் 65 வயது வரையிலான அனைவரின் வாயையும் ஐந்தாண்டுகளுக்கு ஒரு முறை பரிசோதிக்க வேண்டும் என்று ஒன்றிய அரசின் 2016ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கூறுகிறது. ஆனால் ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வில், 30 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 0.9 விழுக்காட்டினரும் ஆண்களில் 1.2 விழுக்காட்டினரும் மட்டுமே ஒருமுறையேனும் இப்பரிசோதனைக்கு உட்பட்டிருந்தார்கள்.

நாம் அறிந்திருக்க வேண்டிய அறிகுறிகள்: இரண்டு வாரமாகியும் ஆறாத வாய்ப்புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, காரம் பட்டால் எரிச்சல், வாயை முழுமையாகத் திறக்க முடியாமை, நீடிக்கும் குரல் கம்மல், விழுங்குவதில் துன்பம், கழுத்தில் கட்டி. இவற்றுள் ஒன்று இருந்தாலும் அரசு மருத்துவமனையின் பல் மருத்துவப் பிரிவையோ காது, மூக்கு, தொண்டைப் பிரிவையோ உடனே அணுக வேண்டும்.

நம் கோரிக்கைகள்

புற்றுநோய்ப் பதிவேடுகள் நோயாளியின் தனியுரிமையைக் காத்தபடி சமூகப் பிரிவையும் தொழிலையும் பதிவுசெய்து, தொகுத்த கணக்கை வெளியிட வேண்டும். தூய்மைப் பணியாளர், வேளாண் கூலிகள், தோட்டத் தொழிலாளர், பீடித் தொழிலாளர் ஆகியோருக்கு ஆண்டுதோறும் வாய்ப் பரிசோதனை அவர்கள் வாழும் குடியிருப்பிலேயே நடைபெற வேண்டும். தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டத்துக்கு 2024இல் சட்டமே இயற்றப்பட்டுள்ளது. அதன் நிதியிலிருந்து இதற்கு ஒதுக்கீடு கோரலாம். சிகிச்சைக் காலம் முழுமைக்கும் கூலி இழப்பீடும் பயணப்படியும் வழங்கப்பட வேண்டும்.

அதுவரை நாம் செய்யக்கூடியதும் உண்டு. நம் ஆரம்ப சுகாதார நிலையம் கடந்த ஆண்டு எத்தனை பேரின் வாயைப் பரிசோதித்தது, அவர்களில் எத்தனை பேர் காலனிகளில் வாழ்பவர்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு மாவட்டத்திலும் கேட்போம். விடை வந்தால் வரைபடத்தில் இதுவரை இல்லாத ஒரு கோடு அதில் வரையப்படும். விடை இல்லையென்றால், யாரும் எண்ணவில்லை என்பது எழுத்துப்பூர்வமாக நம் கைக்கு வரும். அடுத்த போராட்டத்தை அதிலிருந்து தொடங்கலாம்.