மொட்டை மாடிப் பந்தி

பந்தல் என்றால் முதல் வேலை குழி. ஈசான்ய மூலையில் முழ ஆழம் தோண்டி, நவதானியம் போட்டு, பால் விட்டு, மாவிலை கட்டிய மூங்கிலை நட்டால்தான் கல்யாணக் காரியம் ஆரம்பித்ததாகக் கணக்கு. திருவல்லிக்கேணியில் தோண்ட மண் ஏது? வீட்டுக்கு வீடு பொதுச்சுவர், வாசற்படி இறங்கினால் தெரு. தெருவை அடைத்துப் பந்தல் போட்ட காலமும் உண்டு. பஸ்ஸும் லாரியும் பெருகிய பிறகு அது நடக்கிற காரியமாக இல்லை. முகூர்த்தம் கூடத்தில், பந்தி மொட்டை மாடியில் என்ற ஏற்பாட்டுக்கு எங்கள் பேட்டை அப்படித்தான் வந்து சேர்ந்தது. பந்தக்காலை மட்டும் கொல்லையில் கிணற்றடி ஓரமாக, சாஸ்திரத்துக்கு நட்டுவிடுவார்கள்.

சென்னை ஓட்டல்கள் இப்போது 'ரூஃப்டாப் வெட்டிங்' என்று புதுச் சரக்கு போல விற்பதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. அதில் புதுசு லிஃப்ட் ஒன்றுதான்.

பொதுப்பணித் துறையில் எஞ்சினீயராக இருந்தவன் நான். ஆகவே கல்யாணத்துக்கு முன்னால் மாடியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பழைய வீடுகளின் மேல்தளம் 'மெட்ராஸ் டெரஸ்'. தேக்கு விட்டங்களின் மேல் சட்டங்களை நெருக்கமாக அடுக்கி, அவற்றின் மேல் மெல்லிய சிறு செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் குத்துவாக்கில், குறுக்குச் சாய்வாகப் பதிப்பார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவை. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, மரக்கட்டையால் அதை நாள்கணக்கில் தட்டுவார்கள். தட்டுகிற சத்தம் 'ணங்' என்று கேட்ட பிறகுதான் மேலே தட்டோடு. இரும்புக் கம்பி ஒன்றுகூடக் கிடையாது. கோடையில் கீழே கூடம் குளுகுளுவென்றிருக்கும். ஆனால் அந்தத் தளத்தில் ஒரு கடப்பாரைக் குத்து விழுந்தால் போதும், அடுத்த ஐப்பசியில் பூஜை அறையில் ஒழுகும்.

ஆகையால் பந்தல்காரர்கள் வேறு வழி கண்டார்கள். காலி மண்ணெண்ணெய் டின்களில் மணலைக் கெட்டித்து, அதில் சவுக்குக் கட்டையை நிறுத்துவார்கள். கைப்பிடிச் சுவரின் அடியில் மழைத்தண்ணீர் போகிற தூம்புக்குள் கயிற்றை விட்டு, வெளியே சுற்றி மேலே இழுத்துக் கட்டையோடு முறுக்கிக் கட்டுவார்கள். பொழுது சாய்வதற்குள் கடல்காற்று வந்துவிடும், அதற்குத்தான் இந்தக் கட்டு. கீற்றுக்கு ஒரு குணம் உண்டு: காற்றை முழுதாக எதிர்க்காது, பாதியை உள்ளே விட்டுவிடும். ஷாமியானாத் துணி அப்படி இல்லை, கப்பல் பாய் மாதிரி உப்பிக்கொண்டு கட்டையைப் பிடுங்கும்.

ஒரு மாடியில் நாற்பது இலை போடலாம். போதாவிட்டால் பக்கத்து வீட்டைக் கேட்பார்கள். இடுப்புயரக் குறுக்குச் சுவர்தானே, ஸ்டூல் ஒன்றைப் போட்டால் அந்த மாடியும் நம் மாடி. என் அத்தை கல்யாணத்தில் மூன்று வீட்டு மாடிகள் சேர்ந்து ஒரே பந்தியாக ஓடியது என்று அப்பா சொல்வார். கொல்லையில் கோட்டை அடுப்பு. சாம்பார் வாளி கப்பியில் ஏறும். குறுகலான படிக்கட்டில் சாப்பிட வருகிறவர்களும் சாப்பிட்டு இறங்குகிறவர்களும் முட்டிக்கொள்ளாதபடி பார்த்துக்கொள்ள வாய் உள்ள மாமா ஒருவரை நிறுத்தியிருப்பார்கள். ரசம் மேலே வந்து சேர்வதற்குள் ஆறிப்போகும். காற்றில் இலை புரளாமல் இருக்க, உட்கார்ந்ததும் தண்ணீர் டம்ளரை இலை ஓரத்தில் வைக்க வேண்டும். இரவுப் பந்திக்குப் பெட்ரோமாக்ஸ், அதைச் சுற்றி ஈசல். சாய்வு நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியாத பெரியவர்களுக்குக் கீழேயே தனி இலை. அவர்கள் மாடியில் நடந்த பந்தியைப் பார்த்ததே இல்லை.

பிறகு கல்யாண மண்டபங்கள் வந்தன. மவுண்ட் ரோடில் தேனாம்பேட்டைப் பக்கம் அபட்ஸ்பரி என்ற பழைய தோட்ட பங்களா இருந்தது. வசதியுள்ளவர்களின் கல்யாணங்கள் அங்கே நடக்கும். இன்று அந்த இடத்தில் ஹயாட் ரீஜென்ஸி ஓட்டல். நடுத்தர வர்க்கத்துக்குத் தெருவுக்கொரு மண்டபம். மொட்டை மாடி பழையபடி வடாம் காய்கிற இடமாயிற்று. அடுக்குமாடிக் குடியிருப்புகள் பெருகியதும் அதுவும் போய், தண்ணீர்த் தொட்டிக்கும் டிஷ் ஆன்டெனாவுக்கும் ஆன இடமாயிற்று.

கீற்றுக் கொட்டகை மேல் இருந்த நம்பிக்கை 2004-ல் எரிந்துபோனது. அந்த ஆண்டு ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு மண்டபத்தின் மாடியில், கீற்றுப் பந்தலின் கீழ், முகூர்த்த நேரத்தில் தீப்பற்றியது. வீடியோ விளக்குக்குப் போன மின்சார ஒயரிலிருந்து கிளம்பிய தீ என்றார்கள். மாப்பிள்ளை உட்பட ஐம்பது பேருக்கு மேல் இறந்தார்கள். அதே ஆண்டு ஜூலை 16-ல் கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகள். அங்கேயும் கீற்றுக் கூரை. மாடியில் தீப்பிடித்தால் இறங்க ஒரே படிதான் என்பது அதற்கு முன்பும் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அந்த ஒரு படிக்கு நாங்கள் வாய் உள்ள மாமாவை நிறுத்தியதோடு சரி.

போன மாதம் என் அண்ணன் மகள் தன் ரிசப்ஷனுக்கு ஒரு ஓட்டல் மாடியைப் பார்த்துவிட்டு வந்தாள். "சித்தப்பா, அங்கேருந்து கடல் தெரியுது."

"எத்தனை படிக்கட்டு இருக்கு?"

"லிஃப்ட் இருக்கு சித்தப்பா."

"தீப்பிடிச்சா லிஃப்ட்ல ஏறக் கூடாதும்மா."

அடுத்த முறை என்னையும் கூட்டிப்போனாள். ஆபீஸாக இருந்த பழைய கட்டடம், மாடியைப் பின்னால்தான் விருந்துக்காகத் திருத்தியிருக்கிறார்கள். மேனேஜர் 400 பேர் தாராளமாக நிற்கலாம் என்றார். தளம் எந்த பாரத்துக்கு டிசைன் செய்தது என்று கேட்டேன். பூ அலங்காரத்தின் போட்டோவைக் காட்டினார். ஐ.எஸ். 875 விதிநூல், ஆள் ஏறக்கூடிய சாதாரண மொட்டை மாடிக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ பாரம் என்று கணக்கு வைக்கச் சொல்கிறது. நாற்காலிகளைத் தரையோடு பொருத்தாத கூட்ட அரங்குக்குச் சுமார் 500 கிலோ. முதல் கணக்கில் கட்டிய மாடியில் மேடை, பூ வளைவு, பஃபே மேசை எல்லாம் ஏற்றி, டி.ஜே. போட்டுக் குதிக்கவும் விடுவது எந்த ஊர் நியாயம்? தட்டோட்டு மாடியில் எங்களை யாரும் ஆடவிட்டதில்லை. சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு இறங்கினோம்.

டி.ஜே. பற்றியும் ஒன்று சொன்னேன். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. மூடிய அரங்குக்குத்தான் விலக்கு. அந்த மாடியில் தலைக்கு மேல் வானம். மேனேஜர் தலையைச் சொறிந்துகொண்டார்.

பெண்ணுக்கோ அந்தக் கடலை விட மனசில்லை. தேடி அலைந்ததில் பக்கத்துத் தெருவிலேயே இன்னொரு ஓட்டல் கிடைத்தது. இரண்டு படிக்கட்டு, கட்டும்போதே மேல்தளம் விருந்துக்கென்று டிசைன் செய்ததற்கான வரைபடம், எல்லாம் கையில் கொடுத்தார்கள். கடல் கொஞ்சம்தான் தெரிகிறது. கார்த்திகை முகூர்த்தம் என்பதால், மழை வந்தால் கீழே உள்ள ஹாலைத் தருவதாக எழுதியே வாங்கிவிட்டோம். ஆனால் 150 பேருக்கு மேல் ஏற்றுவதில்லை என்று சொல்லிவிட்டார்கள். யார் பக்கத்துப் பட்டியலில் எத்தனை பேரை அடிப்பது என்று சம்பந்திகள் இருவரும் இன்னும் போனில் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.